டிக்கெட்டில் இருக்கும் நேரம் எந்த ஊர் நேரம்?

டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சிங்கப்பூர் போக ஏழு மணி நேரம், திரும்பி வர ரெண்டு மணி நேரம்னு இருக்கே, தப்பா போட்டுட்டாங்களா?"

தப்பில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் போகவும் வரவும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 23:30க்குக் கிளம்பிக் காலை 06:15க்கு இறங்கினால், கழித்துப் பார்க்க ஆறே முக்கால் மணி வரும். பறப்பதோ நாலே கால் மணி நேரம்தான். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் இந்தக் கணக்கை டாக்டரிடம் காட்டி, எப்போது போடுவது என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து தேதியில் இருக்கிறது. சென்னையிலிருந்து நிறைய வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் "14ஆம் தேதி, 00:40" என்று இருந்தால், 13ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 14ஆம் தேதி ராத்திரி பெட்டிகளோடு வந்து நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். முதல் பயணத்துக்கு வராதவர்களின் திரும்பும் டிக்கெட்டையும் பல நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். அதனால் நான் தேதியோடு கிழமையையும் சேர்த்து எழுதித் தருகிறேன்: "வெள்ளி ராத்திரி சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பணும்." சர்வதேச விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அப்புறம் கெஞ்சிப் பயனில்லை.

தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கணக்கிடவும் முடியாது. சென்னை – லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். மேலே வீசும் பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்கே போவதால், லண்டன் போவதைவிடத் திரும்பி வருவது பொதுவாகச் சீக்கிரம் முடியும். வான்வெளி மூடப்பட்டாலும் நேரம் மாறும். 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போகும் விமானம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து சுமார் பதின்மூன்று மணி நேரமானது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன! இணையத்தில் பழைய பக்கம் ஒன்றில் பார்த்த நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். டிக்கெட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள், கிளம்பும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள்.

கடைசியாக, மலிவு என்று கோலாலம்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொரு நிறுவனத்தில் தனி டிக்கெட் எடுப்பவர்களுக்கு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொதுவாகப் பொறுப்பேற்காது. பல சமயம் அங்கே குடிநுழைவுச் சோதனையை (இமிக்ரேஷன்) கடந்து, லக்கேஜை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டின் நுழைவு விதிகளும் பொருந்த வேண்டும். எத்தனை ஆயிரம் மிச்சமானாலும், வயதான பெற்றோரைத் தனியாக அனுப்பும் பிள்ளைகளுக்கு இப்படி டிக்கெட் எடுத்துத் தர நான் சம்மதிப்பதில்லை.