குறிப்புரை: ‘அனோட்டேட்டட்’ பதிப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கல்லூரி நாட்களில் உயிராகப் படித்த மூன்று நாவல்களைப் போன மாதம் மறுபடி எடுத்தேன். மார்கரெட் வெய்ஸும் டிரேசி ஹிக்மனும் சேர்ந்து எழுதிய டிராகன்லான்ஸ் என்ற ஆங்கில ‘ஃபேன்டஸி’, அதாவது மந்திரமும் டிராகன்களும் வரும் கதை வரிசையின் முதல் மூன்று. ஒன்று 1984இல் வந்தது, மற்ற இரண்டும் 1985இல். அன்று நான் படித்தவை வாடகை நூலகத்தின் அட்டை கிழிந்த பிரதிகள். இப்போது கையில் இருப்பது மூன்றையும் ஒரே கட்டாக 1999இல் போட்ட பதிப்பு. ஆயிரம் பக்கத்துக்கு மேல், கனமான புத்தகம். கதையோடு பக்க ஓரங்களில் குறிப்புகளும் உண்டு. அதன் பெயரிலேயே ‘அனோட்டேட்டட்’ என்ற சொல் இருக்கிறது.

அக்கா மகள் அட்டையைப் பார்த்துவிட்டு, “மாமா, இதுக்குத் தமிழ்ல என்ன?” என்றாள். “உரை” என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் அது சரியில்லை என்று பட்டது. ஏன் சரியில்லை என்று யோசித்ததில் எழுதியது இது.

‘அனோட்டேட்’ லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் ‘அன்னோதாரே’. ‘அத்’ என்றால் ஒன்றை நோக்கி, ஒன்றின்மேல். ‘நோதாரே’ என்றால் குறியிடுதல். அடியில் இருக்கும் ‘நோதா’வுக்குக் குறி, அடையாளம் என்று பொருள். ஆக, எழுதப்பட்ட ஒன்றின்மேல் குறி வைப்பதுதான் அனோட்டேஷன். இந்த ‘நோதா’ நமக்குப் பழகிய ஆள்தான். பள்ளிக்கூட நோட்டு, ரூபாய் நோட்டு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி தேடும் நோட்ஸ் எல்லாம் அதன் வழிவந்தவை. (‘நோட்டம் பார்ப்பது’ மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது தமிழின் சொந்தச் சொல். காசின் தரம் பார்ப்பவரை நோட்டக்காரர் என்றார்கள்.)

தமிழில் குறி என்ற அடியிலிருந்து குறிப்பு பிறந்த மாதிரியேதான் லத்தீனிலும் நடந்திருக்கிறது. இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. அந்த அளவில் ‘குறிப்பு’ நேர்ச்சொல். ஆனால் வெறும் ‘குறிப்பு’ போதாது. சமையல் குறிப்பு, மருத்துவக் குறிப்பு, சிறுகுறிப்பு வரைக என்று அது எங்கெங்கோ போய்விட்டது. ஒரு நூலை ஒட்டி, அதன் கூடவே நடக்கும் எழுத்து என்ற பொருள் அதில் தானாக வருவதில்லை. அந்தப் பொருளைத் தருவது உரை.

சரி, அப்படியானால் உரை என்றே சொல்லிவிடலாமே? அதில் இரண்டு சங்கடம்.

முதலாவது இன்றைய வழக்கு. உரை என்றால் இப்போது மேடைப் பேச்சு. உரைநடை என்றால் வசனம். கணினியில் டெக்ஸ்டுக்கும் உரை என்றே போடுகிறார்கள். ‘உரைப் பதிப்பு’ என்று ஒரு நாவலின் அட்டையில் போட்டால், செய்யுளாக இருந்ததை வசனமாக்கியிருக்கிறார்கள் என்று ஒருவர் நினைக்கலாம், சுருக்கப் பதிப்பு என்று இன்னொருவர் நினைக்கலாம்.

இரண்டாவது சங்கடம் கொஞ்சம் ஆழமானது. உரை என்பது முதலில் வாயால் சொல்வது. உரைத்தல் என்றால் சொல்லுதல். பொன்னைக் கல்லில் தேய்த்துப் பார்ப்பதும் உரைத்தல்தான். ஆசிரியர் பாடம் சொல்ல, மாணவன் கேட்டு வாங்கிக்கொண்டதுதான் பிறகு எழுத்தில் உரை ஆயிற்று. அது இல்லாமல் மூலத்துக்குள் போக முடியாது, அல்லது போனால் வழி தவறும் என்ற நிலையில் பிறந்தது அது. சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தபோது நச்சினார்க்கினியர் உரையோடுதான் பதிப்பித்தார். மணிமேகலைக்குப் பழைய உரை கிடையாது. 1898இல் அதை வெளியிட்டபோது அரும்பதவுரையைத் தானே எழுதிச் சேர்த்தார். அரும்பதவுரை என்றால் கடினமான சொற்களுக்கு மட்டும் பொருள். சொல்லுக்குச் சொல் சொன்னால் பதவுரை, திரட்டிச் சொன்னால் பொழிப்புரை, விரித்துச் சொன்னால் விரிவுரை. எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த நாவல்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. எளிய நடை, யாருக்கும் புரியும். அப்படியானால் ஓரத்தில் அத்தனை எழுத்து எதற்கு?

ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். ரெய்ஸ்ட்லின் என்று ஒரு மந்திரவாதி. பொன்னிறத் தோல், மணற்கடிகை வடிவில் கண்மணி. எதைப் பார்த்தாலும் அது மூத்து அழிவதே அவன் கண்ணுக்குத் தெரியும். மந்திரவாதிகளின் சோதனையில் உடம்பு நொறுங்கியவன். பேசினால் கிசுகிசுப்பாகத்தான் வரும், இடையிடையே இருமல். முதல் தடவை படித்தபோது அந்தக் குரலைக் கேட்கப் பக்கத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அந்தக் குரல் எழுத்து மேசையில் பிறக்கவில்லை. ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் நிறுவனமான டிஎஸ்ஆரில் இந்தக் கதை முதலில் ஆட்டமாக உருவானது. சோதனைக்காக நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து ஆடியபோது, ரெய்ஸ்ட்லினாக ஆடியவர் திடீரென்று கரகரத்த கிசுகிசுப்பில் பதில் சொன்னார். அந்த நொடியிலிருந்து ரெய்ஸ்ட்லின் குரல் அதுவே. ஹிக்மன் இதைப் பல முறை சொல்லியிருக்கிறார்.

இது தெரியாவிட்டால் அந்தக் காட்சி புரியாதா? நன்றாகவே புரியும். தெரிந்தால்? அதே வரி இன்னொரு ஆழத்தில் கேட்கிறது. பொருள் சொல்வது உரையின் வேலை. பொருளை விட்டுவிட்டுப் பின்னால் நடந்ததை, பக்கத்தில் கிடப்பதை, கவனிக்காமல் விட்டதைத் தொட்டுக் காட்டுவது குறிப்பின் வேலை. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரம் இருக்கிறதே, 71ஆவதும் 110ஆவதும், அங்கே குறிப்பு என்றால் சொல்லாமல் சொல்வது. அந்த வாசனையும் இந்தச் சொல்லில் ஒட்டியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே என் தேர்வு குறிப்புரை. புதிதாகச் செய்த சொல் இல்லை. இலக்கியப் பதிப்புகளில் ஏற்கெனவே புழங்குவதுதான். அப்படிப்பட்ட பதிப்பு குறிப்புரைப் பதிப்பு, எழுதியவர் குறிப்புரையாளர். குறிப்பு எங்கே உட்காருகிறது என்பதை வைத்து அடிக்குறிப்பு, ஓரக்குறிப்பு என்று பிரிக்கலாம், ஆனால் அவை இடத்தின் பெயர்கள், எழுத்து வகையின் பெயர்கள் அல்ல. கணினித் துறையில் படங்களுக்கும் வாக்கியங்களுக்கும் அடையாளம் போடும் அனோட்டேஷன் வேறு. அதற்குக் குறியிடல் போதும், உரை வேண்டாம்.

புனைகதைக்கு இப்படிப் பதிப்புப் போடும் பழக்கம் ஆங்கிலத்தில் பெரிதாகப் பரவியது 1960இல் மார்ட்டின் கார்ட்னர் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைகளுக்குக் குறிப்புரை எழுதிய பிறகு. அவர் எழுதியது கிட்டத்தட்ட நூறாண்டுக்கு முந்தைய கதைக்கு. மறந்துபோன பாட்டு, கணக்குப் புதிர், அந்தக் கால வழக்கம் எல்லாம் அதில் வரும். டோல்கீனின் ‘தி ஹாபிட்’டுக்கு 1988இல் டக்ளஸ் ஆண்டர்சன் எழுதியதும் இன்னொருவர் கதைக்குத்தான். டிராகன்லான்ஸில் எழுதினவர்களே குறிப்பும் எழுதுகிறார்கள். நூல் செய்தவனே தன் நூலுக்கு உரை எழுதலாமா?

இந்தக் கேள்வியைத் தமிழில் ஒருவர் கேட்டே இருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் இலக்கணக் கொத்து எழுதிய சுவாமிநாத தேசிகர், அதற்கு உரையும் தானே எழுதினார். அது முறையா என்று யாரும் கேட்பார்களே என்று நூலுக்குள்ளேயே கேள்வியை வைத்து, பதிலும் சொல்கிறார்: என் கண் காணவே திருவாரூரில் வைத்தியநாதர் இலக்கண விளக்கம் எழுதி அதற்கு உரையும் எழுதினார், ஆழ்வார்திருநகரியில் சுப்பிரமணியர் பிரயோக விவேகத்துக்கும் அப்படியே செய்தார் என்று. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னால் வீரமாமுனிவரும் தன் தொன்னூல் விளக்கத்துக்குத் தானே உரை எழுதினார். ஆக, அது நமக்குப் புதிதில்லை.

இந்த நாவல்களைப் பற்றிப் பேசினால் தமிழ் தேட வேண்டிய சொல் இன்னும் இரண்டு உண்டு. ‘ஃபேன்டஸி’க்கு மிகைபுனைவு நன்றாகவே ஊன்றிவிட்டது, அதை விட்டுவிடலாம். ‘டிரைலஜி’ கிரேக்கத்தில் ஒரே நாளில் அடுத்தடுத்து ஆடிய மூன்று துன்பியல் நாடகம். இன்று முழுதாக மிஞ்சியிருப்பது கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய ஒரேஸ்தியா மட்டுமே. முந்நூல் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குப் பூணூல் ஞாபகம் வந்துவிடுகிறது. முத்தொகுதி என்றே சொல்லலாம். மூன்று பாக நாவல் வேறு, ஒவ்வொன்றும் தனியே முடியும் மூன்று நாவல் வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இந்த வகைப் பதிப்புக்குத் தமிழில் தலைப்பு எப்படி வைப்பது என்று தேடி அலைய வேண்டாம். ‘மூலமும் உரையும்’ என்று நம் பதிப்பாசிரியர்கள் எத்தனையோ அட்டைகளில் போட்டிருக்கிறார்கள். அதே அச்சில் ‘மூலமும் குறிப்புரையும்’. அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். “அப்ப நானும் இதையே படிக்கிறேன்” என்று கையை நீட்டினாள். தரவில்லை. முதல் தடவை படிக்கிறவருக்குக் குறிப்புரைப் பதிப்பு ஆகாது. இரண்டாம் நாவலில் ஸ்டர்ம் என்ற வீரனுக்கு என்ன ஆகிறது என்பதை ஓரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வரி முன்கூட்டியே சொல்லிவிடும். அவளுக்காகக் குறிப்பில்லாத பழைய பிரதி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.