ஒரே ஒரு தடவ சூடு பார்த்த சாகே

செப்டம்பர் வந்துட்டா ஜப்பான் மதுக்கடைங்கள்ல ஹியாஒரோஷின்னு எழுதின சாகே பாட்டில்கள் வரிசையா நிக்கும். செஞ்சது என்னவோ போன குளிர்காலத்துலதான், அப்புறம் ஏன் இவ்ளோ லேட்டுன்னா, அதுலதான் சூட்சுமமே இருக்கு.

சாகே அரிசில செய்யற மது. ஆனா அரிசில இருக்கறது மாவுச்சத்து, ஈஸ்ட் அத அப்படியே சாப்பிடாது. அதனால ஆவில வெந்த அரிசி மேல கோஜிங்கற பூஞ்சைய வளர்க்கறாங்க, அதோட என்சைம்கள் மாவுச்சத்த குளுக்கோஸா உடைக்க உடைக்க அதே தொட்டில ஈஸ்ட் அத ஆல்கஹாலா மாத்திக்கிட்டே வரும், இப்படி ரெண்டும் ஒண்ணா நடக்கறதாலதான் கடைசில தண்ணி கலந்து நீர்க்க வைக்காத சாகேல ஆல்கஹால் 20 சதவீதம் வரைக்கும் போகுது.

பிழிஞ்சு வடிகட்டின பிறகும் என்சைம் வேலைய நிறுத்தாது. போதாக்குறைக்கு ஹியோச்சின்னு ஒரு பாக்டீரியா கூட்டம் இருக்கு, அவ்ளோ ஆல்கஹால்லயும் ஜாலியா வளர்ந்து சாகேய கலங்கடிச்சு புளிக்க வெச்சிடும். அதனால 60–65 டிகிரிக்கு சூடாக்குவாங்க (நாரா கோஃபுகுஜி கோயில் துறவிகளோட டயரில 1568லயே இந்த முறை இருக்கு, சூடாக்கி கெடாம காக்கற முறைக்கு பேர் குடுத்த விஞ்ஞானி லூயி பாஸ்டருக்கு கிட்டத்தட்ட 300 வருஷம் முன்னாடி!). வழக்கமா ரெண்டு தடவ, தொட்டில சேமிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, பாட்டில் பண்றப்ப ஒண்ணு.

ஹியாஒரோஷிக்கு முதல் சூடு மட்டும்தான். கோடை முழுக்க குளுகுளு கிடங்குல கிடக்கும், அங்க சர்க்கரையும் அமினோ அமிலமும் மெதுவா வினை புரிஞ்சு லேசா மஞ்சள் நிறமும் கொட்டைப்பருப்பு மாதிரி ஒரு வாசமும் வரும், புதுசுல இருந்த முரட்டுத்தனம் அடங்கிடும். வெளிய வெயில் தணிஞ்சு கிடங்கு அளவுக்கு குளிர்ந்ததும் ரெண்டாவது சூடு இல்லாமலே அனுப்பிடுவாங்க, அதனால சூட்டுல பறந்து போயிருக்க வேண்டிய வாழைப்பழ வாசம், அதாவது ஐசோஅமைல் அசிடேட், கொஞ்சம் அதிகமாவே தங்கும்.

ருசி பார்க்கறவங்க வெச்சிருக்கற வெள்ளை பீங்கான் கப்போட அடில ரெண்டு நீல வளையம் இருக்கும். வெள்ளைல நிறம் தெரியும், வளையத்தோட ஓரம் மங்கலா தெரிஞ்சா சாகே கலங்கியிருக்குன்னு அர்த்தம். ஒரு சின்ன மடக்கு வாய்ல வெச்சு, காத்த உள்ள இழுத்து மூக்கு வழியா விட்டா வாசம் முழுசா பிடிபடும்.

ஐஸ் மாதிரி குளிர வெச்சு குடிக்கறது என்னைக் கேட்டா வேஸ்ட்டுதான். நாக்குல இனிப்பு சிக்னல கடத்த உதவுற டிஆர்பிஎம்5 புரதம் சூடு ஏற ஏற நல்லா வேலை செய்யும், அதனால 40 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கி, சுட்ட சன்மா மீனோட, இல்லன்னா காளானோட குடிச்சுப் பாருங்க. திறந்த பாட்டில ஃபிரிட்ஜ்லயே வெச்சு சீக்கிரம் முடிச்சிடணும், ரெண்டாவது சூடு குடுத்திருக்கற பாதுகாப்பு இதுக்கு இல்லையே.