உரித்த தகடு ஒரு ராத்திரிகூடத் திறந்து கிடக்கக் கூடாது

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று எது பட்டறைக்கு வந்தாலும், உரிமையாளர்களின் முதல் பேச்சு கலரைப் பற்றித்தான் இருக்கிறது. அடுத்தது, எப்போது கிடைக்கும். பெயிண்டை உரித்த பிறகு அந்தத் தகடு எத்தனை மணி நேரம் திறந்து கிடக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இரண்டு மழைக்காலம் தாண்டி மட்கார்டு ஓரத்தில் கொப்பளம் வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினாலே, வெறும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து துரு வேலையைத் தொடங்கிவிடும். உப்பு இருந்தால் அந்த அளவுகூடத் தேவையில்லை. சென்னையில் பல மாதங்கள் ராத்திரி ஈரப்பதம் இதைவிட எவ்வளவோ அதிகம், கடல் உப்பும் காற்றிலேயே இருக்கிறது. வியர்த்த கையால் தொட்ட இடத்தில் மறுநாள் காலை விரல் ரேகை மஞ்சளாகத் தெரியும். அதை லேசாகத் தேய்த்துவிட்டு அப்படியே பிரைமர் அடிப்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் போய்விடும். குழிக்குள் இருக்கும் உப்பு போகாது. பெயிண்டைத் தாண்டி உள்ளே வரும் ஈரத்தை அந்த உப்பு இழுத்து வைத்துக்கொள்ளும், கொப்பளம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பல பட்டறைகளில் வண்டி முழுவதையும் ஒரே மூச்சில் உரித்துவிடுகிறார்கள். அப்புறம் டிங்கரிங் வேலை வாரக்கணக்கில் இழுக்கும். “ரெட் ஆக்சைடு அடிச்சு வச்சிருக்கோம் சார், ஒண்ணும் ஆகாது” என்று உங்களுக்குச் சமாதானம் சொல்வார்கள். ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் சாதாரண ரெட் ஆக்சைடு தனியாக நின்று ஈரத்தைத் தடுக்கும் பூச்சு அல்ல. மேலே பெயிண்ட் வராமல் விட்டால் ஈரம் அதன் வழியாகத் தகடு வரை இறங்கும். பின்னால் அடிக்கும் பெயிண்டின் தின்னர் பட்டு, அதுவே சுருங்கி எழும்பவும் செய்யும். இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஒவ்வொரு பகுதியாகத்தான் எடுப்பேன். ஒரு கதவு என்றால் அன்றைக்கு அந்தக் கதவு மட்டும். காலையில் உரிப்பது, பிறகு 80ஆம் நம்பர் பேப்பரால் தண்ணீர் இல்லாமல் தேய்ப்பது, கையுறையோடு கிரீஸ் நீக்கி போட்டுத் துடைப்பது, சாயங்காலத்துக்குள், பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து, ஈரத்தைத் தடுக்கும் எபாக்சி பிரைமர். துடைக்கும்போது இரண்டு துணி வேண்டும். ஒன்றால் ஈரமாகத் தடவி, அது காய்வதற்குள் இன்னொன்றால் ஒற்றி எடுக்க வேண்டும். காயவிட்டால் கரைந்த எண்ணெய் திரும்பத் தகட்டிலேயே படிந்துவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

பள்ளங்களை நிரப்பும் பட்டியை எபாக்சிக்கு மேல்தான் போடுவேன். வெறும் தகட்டிலேயே போடலாம் என்று பட்டி டப்பாவில் எழுதியிருக்கும், தவறும் இல்லை. ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் அதற்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பது நல்லது. அமிலம் கலந்த எட்ச் பிரைமருக்கு மேல் நேரடியாகப் பட்டி கூடாது, அமிலம் பட்டியைச் சரியாக இறுக விடாது.

துருக் குழி இருந்தால் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் உதவும். அதைத் தகட்டில் காயவிடாமல், தயாரிப்பாளர் சொன்னபடி கழுவி, உடனே சூடான காற்றால் உலர்த்த வேண்டும். அமிலம் மிச்சமிருந்தால் மேலே வரும் எபாக்சி பிடிக்காது.

எங்கள் தொழிலில் அதிகம் வாக்குவாதம் வருவது தண்ணீர் போட்டுத் தேய்ப்பதில். பழைய மேஸ்திரிகளின் கை அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தது, அவர்களுடைய வேலையின் நேர்த்திக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் தகடோ பட்டியோ திறந்திருக்கும் நிலையில் வாட்டர் பேப்பர் கூடாது. பட்டி உறிஞ்சிய தண்ணீர் மேற்பரப்பு காய்ந்த பிறகும் உள்ளே கிடக்கும். மேல் பூச்சில் தண்ணீர் போட்டுத் தேய்க்கலாம். ஓரங்களில் இரும்பு எட்டிப் பார்த்தால் நிறுத்தி, நன்றாக உலர்த்தி, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி எபாக்சி கொடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு கணக்கு அவசியம். தகட்டின் சூடு பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட, 3 டிகிரியாவது அதிகமாக இருந்தால்தான் பெயிண்ட் அடிக்கலாம். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி ஏறக்குறைய 26. அப்போது தகடு 29 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவேன். கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுவதும் இதே அக்கறையில் சேர்ந்தது.

மணல் அடித்து உரிப்பதைப் பானெட்டுக்கும் கூரைக்கும் நான் ஒப்புக்கொள்வதில்லை, அகலத் தகடு நெளிந்துவிடும். அந்த மணல் தூசு நுரையீரலையும் கெடுக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் சும்மா தேய்ப்பதற்கும் தரமான முகக்கவசம் வேண்டும். பெயிண்ட் அடிக்கும் பையனுக்கு கர்ச்சீப் கட்டிவிட்டு ஹார்டனர் கலந்த பெயிண்டைக் கையில் கொடுப்பது கொடுமை.

வண்டியைக் கொடுக்கும்போதே, தினமும் சாயங்காலம் அன்றைக்கு உரித்த பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாம்பலோ கறுப்போ, எபாக்சியின் நிறம் அதில் தெரிய வேண்டும். பிரைமர் டப்பாவையும் ஹார்டனர் டப்பாவையும் சேர்த்தே காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, கதவுகளின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகள் பெயிண்டாலோ சீலராலோ அடைபட்டிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். அடைந்திருந்தால் அங்கேயே திறக்கச் சொல்லி, உள்பக்கம் மெழுகும் அடித்துத் தரச் சொல்லுங்கள்.