அரசாங்க அலுவலகத்துக்குப் பில் போடும்போது

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, பயிற்சி வகுப்பு என்று தொழில் செய்யும் சிலரின் கணக்குகளை நான் பார்க்கிறேன். "கவர்மெண்ட் வேலை செய்தா காசு வராது சேர்" என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் முறைப்பாடு. திறைசேரியிலிருந்து பணம் வராமல் இழுபடுவதும் உண்டுதான். ஆனால் என் மேசைக்கு வருபவற்றில் பாதிக்குமேல் பில்லிலேயே சிக்கிக்கொண்டவை.

கணக்குக் கிளையில் இருப்பவர் உங்கள் வேலையைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். அவர் முன்னால் இருப்பவை வேலையைச் செய்யும்படி அலுவலகம் உங்களுக்கு எழுத்தில் கொடுத்த கொள்வனவுக் கட்டளை, வேலை திருப்திகரமாகக் கிடைத்ததென்று அதைப் பெற்ற உத்தியோகத்தர் எழுதிய உறுதிப்படுத்தல், உங்கள் பில். இவை ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால், காசு கொடுக்க அனுமதிக்கும் பத்திரமான வவுச்சரில் கையெழுத்து விழாது. நாளைக்குக் கணக்காய்வில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருடைய பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பில் இரண்டு முறை திரும்பி வந்தது. கட்டளையில் தகப்பனின் முதலெழுத்தோடு அவர் பெயர். பில்லில் கணவரின் முதலெழுத்து. கொடுத்த வங்கிக் கணக்கோ அவருடைய வணிகப் பெயரில். ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, கட்டளையில் "40 பக்கம் மொழிபெயர்ப்பு" என்றிருக்க, பில்லில் "மொழிபெயர்ப்பும் பக்க வடிவமைப்பும்" என்று எழுதியிருந்தார். தொகை ஒன்றுதான். ஆனாலும் கேட்காத வேலைக்குக் காசு கொடுத்ததாக அது வாசிக்கப்படும். கட்டளையில் உள்ள வசனத்தை அப்படியே பில்லில் எழுதுங்கள். கட்டளை இலக்கத்தையும் திகதியையும் மேலே போடுங்கள். பில்லின் திகதி கட்டளைக்கு முந்தியதாக இருக்கவே கூடாது. "அவசரம், வேலையைத் தொடங்குங்கோ, கடிதம் பிறகு வரும்" என்று தொலைபேசியில் சொல்பவரை நம்பி இறங்கினால் இந்தச் சிக்கல் நிச்சயம்.

பில்லைப் பதவிக்கு முகவரியிடுங்கள், ஆளின் பெயருக்கு வேண்டாம். இடமாற்றம் வந்தால் அவர் பெயருக்கு வந்த உறை மேசையிலேயே கிடக்கும். கட்டளை எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே பில்லைப் போடுவது என் வழக்கம். தமிழில் கொடுக்க உரிமை உண்டு, நானும் அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. முகப்புக் கடிதம் தமிழில் போகட்டும்.

இனி வரி. ஒரு மாதத்தில் 100,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் பெறும் தனிநபரிடம், 2023 ஜனவரியிலிருந்து 5 வீதம் நிறுத்திவைத்தல் வரி கழிக்கப்படுகிறது. கழிப்பது அலுவலகத்தின் வேலை. 150,000 ரூபா வேலைக்கு நீங்களே 7,500ஐக் கழித்து 142,500க்குப் பில் போட்டால், அவர்கள் அதிலும் 5 வீதம் கழிப்பார்கள். கைக்கு வருவது 135,375. முழுத் தொகைக்கே பில் போடுங்கள், வரி இலக்கத்தையும் எழுதுங்கள். கழித்த வரிக்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வரவைப் பார்த்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் நவம்பர் 30க்குள் கொடுக்கும் வருமான வரிக் கூற்றில் அந்த 7,500ஐ வரவு வைத்துக்கொள்ளலாம்.

வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இல்லாதவர் அந்த வரியைச் சேர்க்கவே கூடாது. மற்றவர் பில்லைப் பார்த்து 18 வீதத்தைச் சேர்த்து அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக டிசம்பர். அரசாங்கத்தின் நிதியாண்டு 31ஆம் திகதியோடு முடிகிறது. செலவழியாத ஒதுக்கீடு அத்தோடு காலாவதியாகும். அடுத்த வருட ஒதுக்கீட்டில் உங்கள் பில்லுக்கு இடம் தேட, அது கொடுபடாத பொறுப்பாக, அதாவது அலுவலகம் இன்னும் கொடுக்கவேண்டிய காசாகப் பதியப்பட்டிருக்க வேண்டும். அதனால் நவம்பரில் முடிந்த வேலைக்கு நவம்பரிலேயே பில் போய்ச் சேரட்டும். முதலில் வேலையைப் பெற்ற உத்தியோகத்தரிடம் கொடுத்து, உறுதிப்படுத்தலோடு அது கணக்குக் கிளைக்குப் போனதா என்று பாருங்கள். பிரதியில் பெற்ற திகதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு "காசு எப்ப வரும்?" என்று கேட்காமல் "வவுச்சர் இலக்கம் என்ன?" என்று கேளுங்கள். இலக்கம் இன்னும் விழவில்லை என்றால், பில் எந்த மேசையில் நிற்கிறது என்பதை அப்போதே சொல்லிவிடுவார்கள்.