கருவியைத் தொடாமலே டிரைவரைத் திருத்துபவர்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான், அதாவது கணினியோடு இணையும் கருவிகளை இயக்கும் நிரல்கள். நெட்வொர்க் கார்டு, தொடுதிரை, வெப்பநிலை சென்சார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. புதிதாக ஒரு டிரைவரை யாராவது எழுதி அனுப்பினால், அதைப் பரிசீலிப்பவரிடம் பெரும்பாலும் அந்தக் கருவி இருக்காது. சிப்பின் கையேட்டைக்கூடச் சில நிறுவனங்கள் வெளியில் விடுவதில்லை. ஆனாலும் அவர் நிரலைப் படித்துவிட்டு, "இந்த வரியில் கணினி விழுந்துவிடும்" என்று எழுதி அனுப்புகிறார். பல நேரம் அவர் சொல்வதுதான் சரியாகவும் இருக்கிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கருவியை அதன் டிரைவரை எழுதியவர் கரைத்துக் குடித்திருப்பார். அங்கே அவர் தவறுவது குறைவு. கெர்னலோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் இடத்தில்தான் சறுக்குவார். எதை முதலில் செய்வது, ஒதுக்கிய நினைவகத்தை யார் விடுவிப்பது, எங்கே காத்திருக்கலாம், எங்கே கூடாது என்ற விதிகள் எல்லா டிரைவருக்கும் பொது. ஆயிரம் டிரைவர்களைப் படித்தவருக்கு ஆயிரத்தோராவதன் ஓட்டை கண்ணில் படுகிறது. 2001-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி ஆகிய இரு இயங்குதளங்களின் மூலநிரல்களைத் தானியங்கி முறையில் சலித்துப் பார்த்தார்கள். டிரைவர்களில் பிழை விகிதம் கெர்னலின் மற்ற பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகமாக இருந்தது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கருவி இருப்பதைக் கெர்னல் கண்டதும் டிரைவரின் தொடக்கச் செயற்கூறை, அதாவது முதலில் ஓடும் நிரல்பகுதியை, அழைக்கும். அனுப்பியவர் அதில் நான்கு வேலைகளை இந்த வரிசையில் எழுதியிருக்கிறார்: நினைவகம் ஒதுக்குவது, கருவியின் பதிவேடுகளை (அதற்குள் இருக்கும் சிறு நினைவிடங்களை) அணுக வழிசெய்வது, இன்டரப்ட் (கவனிக்கச் சொல்லிக் கருவி அனுப்பும் சைகை) வந்தால் ஓட வேண்டிய செயற்கூறைப் பதிவு செய்வது, கடைசியாக, வரும் தரவைப் போட்டு வைக்கும் வரிசையைத் தயார் செய்வது. அவருடைய மேசையில் இது நூறு முறையும் ஓடியிருக்கும். ஏனென்றால், தொடக்கத்தில் அவருடைய கருவி பேசாமல் இருக்கிறது.

வேறொருவர் கணினியில் அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கணினியைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர் நிரல் அந்தக் கருவியை ஏற்கனவே இயக்கிவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். அதே இன்டரப்ட் கம்பியை இன்னொரு கருவி பகிர்ந்துகொண்டிருக்கலாம். அப்போது மூன்றாவது வேலை முடிந்த கணமே இன்டரப்ட் செயற்கூறு ஓடும், இன்னும் உருவாகாத வரிசையைத் தேடும், வெற்று முகவரியைத் தொடும். சாதாரண நிரலாக இருந்தால் அது மட்டும் நின்றுபோகும். இன்டரப்ட் நடுவில் நடப்பதால் இங்கே மொத்தக் கெர்னலும் நின்றுவிடுகிறது. தீர்வு, மூன்றையும் நான்கையும் இடம் மாற்றுவது. அவ்வளவுதான்.

கருவியைக் கழற்றும்போது இதே சிக்கல் தலைகீழாக வரும்; இது இன்னும் நயவஞ்சகமானது. தொடக்கத்தில் வாங்கிய வளங்களைக் கடைசியில் தானாகவே திருப்பிக் கொடுக்கும் வசதி 2007 முதல் கெர்னலில் இருக்கிறது. நல்ல வசதி. ஆனால் டிரைவரின் விடைபெறும் செயற்கூறு முடிந்த பிறகுதான் அது வேலையைத் தொடங்கும். வரிசையின் நினைவகத்தைக் கையால் விடுவித்துவிட்டு இன்டரப்டை அந்தத் தானியங்கி வசதியிடம் விட்டால், இடையில் ஒரு சிறு இடைவெளி விழுகிறது. சில மைக்ரோவினாடிகள்தான் இருக்கும். அதற்குள் இன்டரப்ட் வந்தால், விடுவித்த நினைவகத்தில் கை வைக்க நேரும். இதைப் பிடிப்பதற்கென்றே கெர்னலில் ஒரு சோதனை அமைப்பு உண்டு. பகிரப்பட்ட இன்டரப்டை டிரைவர் கைவிடும் தறுவாயில், வேண்டுமென்றே ஒரு பொய் இன்டரப்டை அது கிளப்பிவிடும். எழுதியவருக்குக் குறும்புக்காரக் கை என்று நினைத்துக்கொள்வேன்.

"என்னிடம் வேலை செய்கிறதே" என்ற பதில் பரிசீலனையில் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு 2016 நல்ல சாட்சி. செயற்கூறு ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கில் இருக்கும் சிறிய பஃபரை (தரவு வைக்கும் இடத்தை), செயலியின் உதவியின்றிக் கருவியே நினைவகத்தைத் தொடும் நேரடி நினைவகப் பரிமாற்றத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது பழைய விதி. பல யுஎஸ்பி டிரைவர்கள் அதை மீறிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓடின. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 4.9 பதிப்பில், 64-பிட் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில் ஸ்டாக்கை இந்தப் பரிமாற்றத்துக்கு ஒவ்வாத வேறு வகை நினைவகத்துக்கு மாற்றினார்கள். அதுவரை அதிர்ஷ்டத்தில் ஓடிய டிரைவர்கள் வரிசையாகப் படுத்தன.

சில விஷயங்களை நின்று பார்க்க வேண்டியதே இல்லை. நிரலில் விடும் இடைவெளி, வரி நீளம் போன்றவற்றைத் தானியங்கி நிரல்களே சோதிக்கும். அதற்காக ஒரு மனிதர் மறுமொழி எழுதுவது வீண். வேறு சில, பார்த்ததுமே மறுக்க வேண்டியவை: கருவி சொல்லும் தரவு நீளத்தை அப்படியே நம்பி நகலெடுப்பது கூடாது. யுஎஸ்பி துளையில் எதை வேண்டுமானாலும் யாரும் செருகலாம்.

பரிசீலிப்பவர் மிகக் கறாராக இருப்பது பிழைகளில்கூட அல்ல, பெயர்களிலும் அலகுகளிலும்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றும். எனக்கு இதுதான் முழு வேலையிலும் நியாயமான பிடிவாதம். வெப்பநிலை சென்சார்கள் தங்கள் அளவை மில்லிடிகிரி செல்சியஸில் கோப்பு வழியாகக் காட்ட வேண்டும் என்பது கெர்னலின் வழக்கம். 45 டிகிரி என்றால் 45000. புதிய டிரைவர் ஒன்று தன் இஷ்டத்துக்கு 45 என்று காட்டினால், அதைப் படித்து விசிறியை ஓட்டும் நிரல்கள் ஏமாறும். வெளியான பிறகு திருத்தவும் முடியாது. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. உள்ளே இருக்கும் பிழையை அடுத்த வாரம் திருத்தலாம்; வெளியே காட்டிய முகத்தை மாற்ற வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் வலையில் ஓட்டை உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசீலனையைச் சோதிக்கவென்று, குறையுள்ள திருத்தங்களை வேண்டுமென்றே அனுப்பினார்கள். 2021-இல் விஷயம் வெடித்து, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளையே கெர்னல் தரப்பு நிறுத்தி வைத்தது. பரிசீலனை என்பது அனுப்புபவர் நல்லெண்ணத்தோடு வருகிறார் என்ற அடிப்படையில் நடப்பது. வஞ்சகத்தைப் பிடிக்க அமைந்ததல்ல.

எல்லாம் தேறினால் திருத்தத்தின் அடியில் பெயர்கள் சேரும். எழுதியவர் இதைக் கொடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்று ஒப்பமிடுவார். 2004 முதல் இந்த வழக்கம். படித்துப் பார்த்ததாக ஒருவர் எழுதுவார். கருவியில் ஓட்டிப் பார்த்ததாக இன்னொருவர் தனி வரியில் எழுதுவார். கடைசியாக, பராமரிப்பாளர் பட்டியலில் அனுப்பியவரின் பெயரும் ஏறுகிறது. கெர்னலின் உள் இடைமுகங்கள் எப்போது வேண்டுமானாலும் மாறும். மாற்றுகிறவர் எல்லா டிரைவர்களையும் தானே திருத்தித் தருவார். அவரிடமும் அந்தக் கருவி இருக்காது. அப்போது, "இதை உங்கள் கருவியில் ஓட்டிப் பார்க்க முடியுமா?" என்று கேட்க ஒரு முகவரி வேண்டும்.