சொல் விளக்கம்: மூலக்கூற்றுக் கொத்து

கிளஸ்டர் என்பதற்கு வேதியியல் தமிழில் திரள், தொகுதி, கொத்து என்று பல சொற்கள் புழங்குகின்றன. என் ஓட்டு கொத்துக்குத்தான்.

இரண்டு முதல் சில நூறு வரையிலான மூலக்கூறுகள் உருக்குலையாமல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதே மூலக்கூற்றுக் கொத்து. கிளஸ்டர் பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் சொல். திராட்சைக் குலை மாதிரியானவற்றைக் குறித்தது. பூங்கொத்து, சாவிக்கொத்து என்னும்போது நாமும் எண்ணிப் பிரிக்கக்கூடியவற்றைத்தான் சொல்கிறோம். திரள் அப்படியல்ல, திரண்டதில் இது தனி, அது தனி என்று காட்ட முடியாது. தொகுதியோ தனிம அட்டவணையில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. பழந்தமிழில் இணர், துணர் என்று பூங்கொத்துக்கு அழகான சொற்கள் உண்டு. ஆனால் இன்று அவற்றை எழுதினால் வாசகர் அகராதியைத் தேடிப் போவார்.

நீர்க்கொத்தைப் பிடித்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. இலங்கை நூல்களில் ஐதரசன். நீரியம், நீரகம் என்போரும் உண்டு. கிரேக்க மூலத்துக்கு ‘நீரை ஆக்குவது’ என்று பொருள் என்பதால் அவையும் பொருந்தும். ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பின் வலுவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் இதற்கு. அதனால்தான் கொத்து எளிதில் கலைகிறது.

சரி, இவ்வளவு சிறியதை எப்படிப் பார்ப்பது? எந்த அதிர்வெண் ஒளியை ஒரு பொருள் உறிஞ்சுகிறது என்று பார்க்கும் அகச்சிவப்பு லேசர் நிறமாலையியல் கைகொடுக்கிறது. இன்ஃப்ரா என்றால் லத்தீனில் ‘கீழே’. சிவப்பைவிட அதிர்வெண் குறைந்த கதிர் என்று பொருள். ‘அக’ என்ற முன்னொட்டு அந்தப் பொருளைத் தரவில்லை. கீழ்ச்சிவப்பு என்றிருந்தால் துல்லியமாக இருந்திருக்கும், ஆனால் பாடநூலில் வேரூன்றிய சொல்லை இனி யார் பிடுங்குவது!

பீனால்–நீர் கொத்தை எடுத்துக்கொள்வோம். பீனால் என்பது பென்சீன் வளையத்தில் ஓர் ஓ–எச் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன்) ஒட்டிய சேர்மம். பீனால் ஆவியையும் நீராவியையும் ஹீலியத்தோடு கலந்து, நுண்துளை வழியே வெற்றிடத்துக்குள் பீய்ச்சுவார்கள். வாயு விரிந்து சில கெல்வினுக்குக் குளிரும்போது கொத்துகள் உருவாகும். ஒரு பீனாலும் ஒரு நீரும் சேர்ந்த கொத்து மட்டும் அயனியாகும்படி புற ஊதா லேசரைச் சரிசெய்து, அந்த அயனிகளை எண்ணுவார்கள். அதற்குச் சற்று முன்னதாக அகச்சிவப்புத் துடிப்பு ஒன்று பாயும். அதன் அதிர்வெண் கொத்தின் அதிர்வோடு பொருந்தினால் கொத்து அதை உறிஞ்சிக் கலைந்துவிடும். அயனி எண்ணிக்கை சட்டென்று இறங்கும். இந்த இறக்கங்களை வரிசையாகக் குறித்தால் அந்த ஒரு கொத்தின் நிறமாலை மட்டும் தனியாகக் கிடைத்துவிடும்.

தனிப் பீனாலின் ஓ–எச் பிணைப்பு நீண்டு சுருங்கும் நீட்சி அதிர்வு 3657 செ.மீ⁻¹ (நிறமாலையியலில் அதிர்வெண்ணைச் சொல்லும் அலகு இது). ஒரு நீர் மூலக்கூறு ஒட்டியதும் அது 3524-க்கு இறங்குகிறது. ஹைட்ரஜன் அந்தப் பக்கம் இழுபடுவதால் பீனாலின் ஓ–எச் பிணைப்பு சற்றுத் தளர்கிறது. இந்த இறக்கத்துக்குச் சிவப்புப் பெயர்ச்சி என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், சிவப்புக்குக் கீழே இருக்கும் கோடு இன்னும் கீழே போகும்போது சிவப்பை விட்டு விலகித்தான் போகிறது.

நீர் மட்டுமே உள்ள கொத்துகளில் மூன்று, நான்கு, ஐந்து மூலக்கூறுகள் வளையமாக நிற்கும். ஆறில்தான் தகராறு. 1996-இல் பெர்க்லியில் ரிச்சர்ட் சேக்கலி குழு தொலை அகச்சிவப்பு லேசரால் கூண்டு வடிவத்தைக் கண்டது. 2000-இல் ஹீலியத் துளிக்குள் ஆறும் வளையமாகவே அகப்பட்டன. 2012-இல் நுண்ணலை ஆய்வு கூண்டு, பட்டகம், புத்தகம் என மூன்று வடிவங்களையும் ஒரே பீய்ச்சலில் காட்டியது. பட்டகத்தை அரியம் என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் சரியே.