பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வலு எங்கே கசிகிறது?

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றை வாங்கிப் புதுப்பித்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. டேங்குக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று, மட்கார்டுக்கும் ரிம்முக்கும் குரோம் ஏற்றியாயிற்று, உருளையைக் கடைந்து போர் போட்டுப் புது பிஸ்டனும் மாட்டியாயிற்று. முதல் கிக்கிலேயே வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் நான்காவது கியரில் ஐம்பதைத் தாண்டினால் இழுக்க மறுக்கிறது. உடனே எல்லோருடைய கையும் கார்புரேட்டர் பக்கம் போகிறது. பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்குகிறார்கள், ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கி மாட்டுகிறார்கள், ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருகிப் பார்க்கிறார்கள். கொஞ்சம் தேறியது போலத் தெரிந்து, சில நாட்களில் பழைய நிலைக்கே வண்டி திரும்பிவிடுகிறது. பெரும்பாலும் கார்புரேட்டர் குற்றமற்றது. அது கலந்து அனுப்பும் காற்றும் பெட்ரோலும் வழியில் என்ன ஆகின்றன என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

எஸ்கார்ட்ஸ் குழுமம் யமஹாவுடன் கைகோத்து 1985-இல் கொண்டுவந்த இந்த வண்டி 1996 வரை தயாரிப்பில் இருந்தது. எஞ்சினின் உருளை விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரமும் 50 மி.மீ.; கொள்ளளவு 98 சி.சி. இவ்வளவு சிறிய எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தந்தது. இன்று விற்கும் நூறு சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் ஏறத்தாழ எட்டுக் குதிரைத்திறனோடு நின்றுவிடுகின்றன. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும் கலவை, டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது என்பது இதற்குக் காரணம். இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் வினாடிக்கு 125. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது எட்டே மில்லி வினாடி. எரிந்த புகை வெளியேறுவது, புதுக் கலவை உள்ளே வருவது, அது அழுந்துவது, எரிவது ஆகிய எல்லாம் அந்த எட்டு மில்லி வினாடிக்குள் நடந்து முடிய வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் உருளைக்குத் தனி வால்வுகள் கிடையாது, பிஸ்டனே மேலும் கீழும் போகும்போது உருளைச் சுவரிலுள்ள துளைகளைத் திறந்து மூடுகிறது.

இதில் பலரும் மறந்துவிடுவது எஞ்சினின் கீழ் அறையை. பிஸ்டனுக்கு மேலே எரிப்பு நடக்கும்போது, பிஸ்டனுக்குக் கீழே, அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு சுழலும் அறை ஒரு காற்று பம்பாக வேலை செய்கிறது. பிஸ்டன் மேலேறும்போது கிராங்க் அறையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. ஒருவழிக் கதவான ரீட் வால்வின் மெல்லிய இதழ்கள் விலகிக் கார்புரேட்டரிலிருந்து கலவை உள்ளே பாய்கிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அந்தக் கலவை அழுந்தி, இதழ்கள் மூடிக்கொள்ள, பக்கவாட்டுத் துளைகளின் வழியே மேல் அறைக்குத் தள்ளப்படுகிறது. ஆகவே இந்த எஞ்சினில் காற்றுப்புகாமல் இருக்க வேண்டிய அறைகள் இரண்டு. போர் போடுவதும் ரிங் மாற்றுவதும் மேல் அறையை மட்டுமே சீராக்குகின்றன. கீழ் அறையின் காவலர்கள் கிராங்க்கின் இரு முனைகளிலும் இருக்கும் இரண்டு ஆயில் சீல்கள். ஐந்து நிமிடப் பளபளப்புக்காக ஆயிரங்களைச் செலவழிப்பவர்கள்கூட இந்த ரப்பர் வளையங்களைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் எனக்குப் புரியாத புதிர்.

வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் சீலின் உதடு காய்ந்து இறுகிவிடுகிறது. ஓடிக்கொண்டே இருந்த வண்டியிலோ உதடு தேய்வதோடு, அது உரசும் இடத்தில் கிராங்க் தண்டிலேயே மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். அப்போது சீலை மட்டும் மாற்றினால் போதாது. இடப்பக்க சீல், மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டோவுக்குப் பின்னால் வறண்ட இடத்தில் இருக்கிறது. அது விட்டுப்போனால் பிஸ்டன் ஏறும் ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரைத் தொடாத வெறும் காற்று உள்ளே நுழைந்து கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைக்கிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சுற்று உடனே இறங்காமல் தொங்குவதும், ஐட்லிங் ஒருநாள் இருந்ததுபோல் மறுநாள் இல்லாததும் இதன் அடையாளங்கள். திராட்டில் மூடியிருக்கும்போது உள் அழுத்தம் மிகவும் குறைவாக இருப்பதால், சிறு ஓட்டைகூட ஐட்லிங்கில்தான் பெரிதாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. இதற்கு மருந்தாக மெயின் ஜெட்டைப் பெரிதாக்குவது, நோயை மறைத்துவைத்து ஒருநாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் ஜாம் ஆவதற்கு வழி செய்வது.

வலப்பக்க சீல் கதை வேறு. அதற்கு அப்பால் கிளட்சும் கியர் ஆயிலும் இருக்கின்றன. அது பழுதானால் கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கத் தொடங்குகிறது. சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, எண்ணெயில் நனைந்த ஸ்பார்க் ப்ளக், எங்கும் ஒழுகாமலே குறைந்துகொண்டு வரும் கியர் ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கண்ணில் பட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

சந்தேகத்தை நிச்சயமாக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தும் வட்டமானியும் இதற்குப் போதும். அந்த மானி 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும், அது ஏறத்தாழ 0.4 பார், இந்தச் சோதனைக்கு வேண்டிய அளவும் அதுவே. சைலன்சரைக் கழற்றி, அது மாட்டியிருந்த எஞ்சின் துளையை ரப்பர்த் துண்டும் தகடும் வைத்து இறுக மூட வேண்டும். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, அது மாட்டும் ரப்பர்க் குழாயில் துளையிட்ட அடைப்பான் ஒன்றைச் செருகி, அதன் வழியே காற்றை ஏற்ற வேண்டும். சிலர் ப்ளக் துளை வழியாக ஏற்றுவார்கள். அப்படிச் செய்தால் ரீட் இதழ்கள் உள்ளிருந்து மூடிக்கொள்வதால் இன்லெட் ரப்பரிலும் அதன் கேஸ்கெட்டிலும் உள்ள வெடிப்புகள் சோதனைக்குத் தப்பிவிடும். பிஸ்டனைக் கீழ்முனையில் நிறுத்தி, முள் 250-ஐத் தாண்டும்வரை பந்தை அமுக்கிவிட்டுக் காத்திருக்கலாம். ஒரு நிமிடத்தில் முள் ஐம்பது மி.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு உறுதி. இனி சோப்பு நீரைத் தூரிகையால் தொட்டு உருளையின் அடிப்பக்கம், ஹெட் இணைப்பு, கிராங்க் கேஸின் நடுக்கோடு, மேக்னட்டோ சக்கரத்தைக் கழற்றினால் தெரியும் சீல் ஆகியவற்றின் மேல் தடவ, கசியும் இடத்தில் குமிழ் கிளம்பும். வலப்பக்க சீல் கண்ணுக்குத் தெரியாது. கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்தத் துளையின் மேல் சோப்புப் படலத்தை இழுத்துவிட்டால், அது மெல்ல உப்புவது சீலின் நிலையைச் சொல்லிவிடும். சீலின் உதடு உட்பக்கம் பார்த்து இருப்பதால் அழுத்தத்தில் தண்டோடு ஒட்டிக்கொண்டு, உறிஞ்சலில் மட்டும் விலகிக் கசிவதும் உண்டு. எனவே அழுத்தச் சோதனையில் தேறிய எஞ்சின் மேலும் தொல்லை தந்தால், இதே முறையில் காற்றை வெளியே இழுத்தும் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் கழன்றிருக்கும்போதே ரீட் வால்வையும் வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது நல்லது. இதழின் ஓரம் சிதைந்திருந்தாலோ வளைந்து இடைவெளி விட்டிருந்தாலோ, அழுந்த வேண்டிய கலவையில் ஒரு பகுதி கார்புரேட்டருக்கே திரும்பித் துப்பப்படும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பெட்ரோலும் எண்ணெயும் படிந்திருப்பது அதன் தடயம். உருளைக்கு அடியில் போடும் கேஸ்கெட்டின் தடிமனையும் சாதாரணமாக எண்ணக்கூடாது. கடையில் கிடைத்த தடித்த கேஸ்கெட்டைப் போட்டால் உருளை சற்று மேலே ஏறிவிடும். சுவரிலுள்ள துளைகளும் அதனோடு ஏறி, பிஸ்டன் அவற்றை முன்னதாகவே திறந்துவிடுவதால், கம்ப்ரஷனும் குறைந்து, குறைந்த வேகத்து இழுவையும் போய்விடும்.

அடுத்தது சைலன்சர். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு அது சத்தம் குறைக்கும் குழாய் மட்டுமன்று, எஞ்சினின் ஓர் உறுப்பு. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் பொறியாளர் வால்டர் காடன் இதை முறையாக ஆராய்ந்து, விரிந்து பின் குறுகும் குழாய் வடிவத்தின் மூலம் பந்தய எஞ்சின்களின் வலுவைப் பெருக்கினார். அந்த அணியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி மேற்கே போய், மறு ஆண்டே சுஸுகிக்காக 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றதும், அந்த நுட்பம் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்ததும் மோட்டார் பந்தய வரலாற்றின் சுவையான பக்கங்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துளை திறந்ததும் புறப்படும் அழுத்த அலை, குழாய் விரியும் கூம்பைத் தொடும்போது ஓர் உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எரிந்த புகையை வெளியே இழுக்க உதவுகிறது. அதே அலை குறுகும் கூம்பில் மோதித் திரும்பும்போது அழுத்த அலையாக வந்து, உருளையை விட்டு நழுவப்பார்க்கும் புதுக் கலவையைத் துளை மூடும் தருணத்தில் உள்ளே தள்ளிவிடுகிறது. 7,500 சுற்றில் எக்ஸாஸ்ட் துளை திறந்திருப்பது ஏறத்தாழ அரைச்சுற்று, அதாவது நான்கு மில்லி வினாடி. சூடான புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் செல்வதாகக் கொண்டால், அந்த நேரத்தில் அலை கடக்கும் தூரம் இரண்டு மீட்டர். போய்வர ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான குழாய் வேண்டும். கூம்புகள் எந்தத் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது இந்தக் கணக்குதான்.

ஆகவே வெளித்தோற்றத்தில் அசலைப் போலவே இருந்து, உள்ளே கூம்பு அளவுகள் மாறிய போலிச் சைலன்சரை மாட்டினால், சத்தம் கூடலாம், வலு கூடாது. அசல் சைலன்சரிலோ பல ஆண்டு 2டி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்) எரிந்த கரி, உள்ளிருக்கும் துளையிட்ட குழாயான பாஃபிளின் துளைகளையும் எக்ஸாஸ்ட் துளையின் வாயையும் அடைத்திருக்கும். வண்டி எளிதாக ஸ்டார்ட் ஆகி, மெதுவாகப் போகும்போது குறையின்றி ஓடி, ஒரு வேகத்துக்கு மேல் யாரோ பின்னாலிருந்து பிடித்திழுப்பது போல அடங்கிவிடுவது இந்த அடைப்பின் குணம். பாஃபிளைக் கழற்றிக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எக்ஸாஸ்ட் துளையின் கரியைச் சுரண்டும்போது பிஸ்டனால் துளையை மூடிவைத்து, மரக்குச்சியால் சுரண்டினால் விளிம்பில் கீறல் விழாது.

மின்பொறியில் ஒரு பொறி உண்டு. ப்ளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்துக் கிக் அடித்து நீலப் பொறி வந்தால் மின்சுற்று நன்றாயிருக்கிறது என்று முடிவுகட்டுவது வழக்கம். திறந்த காற்றில் பொறி தாண்டுவது எளிது. வாயு அழுந்த அழுந்த, அதே இடைவெளியைத் தாண்டுவதற்கு வேண்டிய மின்னழுத்தம் ஏறுகிறது. பாஷன் விதி என்று இயற்பியலில் இதற்குப் பெயர். திராட்டிலை முழுக்கத் திறக்கும்போது உருளைக்குள் கலவை அதிகம், அழுத்தமும் அதிகம். பொறிக்கு மின்னழுத்தம் தரும் காயில் நலிந்திருந்தால், அது தோற்பது அங்கேதான். சூடானால் மட்டும் வண்டி விட்டு விட்டு இழுக்கிறது, பத்து நிமிடம் ஆறினால் சரியாகிறது என்றால், மேக்னட்டோவின் சோர்ஸ் காயிலையும் பொறியை ஏவும் சிடிஐ பெட்டியையும் சூடாக இருக்கும்போதே மீட்டரால் அளந்தும் மாற்றிப் பொருத்தியும் பார்க்க வேண்டும். மேக்னட்டோ சக்கரத்தைத் தண்டில் பிடித்துநிறுத்தும் சிறு அரைவட்டச் சாவி நசுங்கியிருந்தால், சக்கரம் ஓரிரு டிகிரி நழுவிப் பொறி விழும் நேரமே தவறிவிடும்.

எஞ்சினைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டிய சில்லறைச் சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். நியூட்ரலில் வண்டியைத் தள்ளினால் தடையின்றி உருள வேண்டும். உருளாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கார் எஞ்சினுக்கான ஆயிலைக் கியர் பெட்டியில் ஊற்றியவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. சில கிலோமீட்டர் ஓடியபின் அணைந்து, டேங்க் மூடியைத் திறந்தால் உயிர்பெற்றால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

அறைகள் இறுகி, சைலன்சர் திறந்து, பொறி சீரான பிறகே ஜெட்டுகளுக்கு முறை வருகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், அதே அளவு காற்றுக்கு அது சற்று அதிகமாகத் தேவைப்படுகிறது. பழைய ஜெட் சிறியதாகிப்போவதற்கு நியாயமான காரணம் உண்டு. டாப் கியரில் முழுத் திராட்டிலில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து உடனே எஞ்சினை அணைத்து ப்ளக்கைப் பார்த்தால், வெளுத்திருப்பது பெட்ரோல் போதாமையையும் நனைந்த கருமை மிகுதியையும் காட்டும். கூடவே ஆயில் பம்பின் கேபிள் சரியாக இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பம்பை நீக்கிவிட்டு டேங்கிலேயே 2டி ஆயில் கலப்பவர்கள், பாதுகாப்புக்கு என்று கூடுதலாக ஊற்றுவது வழக்கம். ஜெட் வழியே போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடும் அளவுக்குப் பெட்ரோலின் பங்கு குறைகிறது. கலவை நீர்த்துப்போய் எஞ்சின் கூடுதலாகவே சூடாகும். லிட்டருக்கு 25 மி.லி. கலப்பவர் அதை 50 ஆக்கினால், ஜெட்டையும் மறுபடி சரிபார்த்தாக வேண்டும்.